சுண்ணாம்புக் காரை வீட்டுக்குள் கைப்பிடியில்லா மாடுலர் கிச்சன்: வாங்கலாமா?

செட்டிநாட்டில், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் இப்போது அதிகம் விரும்புவது கைப்பிடி இல்லாத, நேர்கோடுகள் மட்டும் தெரிகிற மாடுலர் கிச்சன், அதாவது பெட்டிபெட்டியாகச் செய்து கொண்டுவந்து பொருத்தும் அடுப்படி. மதுரையிலோ திருச்சியிலோ ஷோரூமில் பார்த்துவிட்டு வந்து, அதே போல வேண்டும் என்கிறார்கள். ஷோரூமில் அது நிற்பது தூக்குக்குண்டு பிடித்துக் கட்டிய சிமெண்ட் சுவருக்கு முன்னால், ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நிற்கும் தரையில். நம் வீடுகளில் சுவர் சுண்ணாம்புக் காரை, தரை பூவேலை டைலான ஆத்தங்குடிக் கல், கூரையோ 12 அடிக்கும் மேலே. பெட்டி ஒன்றுதான், அது போய் உட்காரும் இடம் வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம். ஆனால் சுவரோடு சேர்த்துக் கட்டும் கட்டுமானமாக வேண்டாம். தரையில் தானாக நிற்கும் மரச்சாமானாக வாங்குங்கள். செட்டிநாட்டு வீட்டுக்கு மாடுலர் கிச்சன் செய்யும் பெரிய உபகாரமே இதுதான். பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொதுவானவை. ஒரு புள்ளி (பங்குள்ள ஒரு குடும்பம்) தன் செலவில் அடுப்படியை மாற்றும்போது சுவரை இடிப்பதும் காரையைக் கொத்துவதும் மற்றவர்கள் சம்மதமின்றி நடக்கக் கூடாத வேலை. கால்களின் மேல் நிற்கும் கேபினெட் என்றால் நாளைக்கு அப்படியே கழற்றி வேறு கட்டுக்குக் கொண்டுபோகலாம்; சுவர் முன்பு இருந்தபடியே இருக்கும். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் மேல் கேபினெட்டுக்காகப் பத்து இடத்தில் துளை போடுவது வீட்டுக்கும் நல்லதல்ல, கேபினெட்டுக்கும் நல்லதல்ல.

சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கல் சுவர் தன் மேல் ஏறும் பாரத்தை நன்றாகத் தாங்கும். முன்பக்கம் இழுக்கும் பாரத்துக்கு அது பழகியதல்ல. பிளாஸ்டிக் பிளக் அடித்துத் திருகாணி முடுக்கினால் முதலில் இறுக்கமாகத்தான் தெரியும். எவர்சில்வர், பித்தளைப் பாத்திரம் அடுக்கிய மேல் கேபினெட் தொங்கத் தொடங்கியதும் திருகாணியைச் சுற்றிக் கலவை பொடிந்து கொட்டும். மேல் கேபினெட் கட்டாயம் வேண்டுமென்றால் சுவருக்கு மறுபக்கம் வரை போல்ட் ஊடுருவி வாஷர் போட வேண்டும், அல்லது கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பி நிறுத்தும் போல்ட்) வைக்க வேண்டும். இரண்டும் காரைப் பூச்சைக் காயப்படுத்தும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பளபளவென்று முட்டைக் காரை பூசிய சுவராக இருந்தால் கை வைக்கவே வேண்டாம். அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார் இன்று மிகக் குறைவு. மேல் கேபினெட்டுக்குப் பதிலாகத் தரையில் நிற்கும் 210 செ.மீ. உயர அலமாரி இரண்டு போட்டால் அதே கொள்ளளவு கிடைக்கும், சுவரும் வெறுமையாக நிற்கும். மினிமல் என்று நாம் தேடிப்போகிற தோற்றத்தில் பாதி அந்த வெறுஞ்சுவரில்தான் இருக்கிறது.

அளவெடுக்க வருபவர் லேசர் கருவியை ஒரே உயரத்தில் வைத்து எடுத்தால் நிறுத்துங்கள். தரை மட்டம், 85 செ.மீ., 210 செ.மீ. என மூன்று உயரங்களில் சுவரின் நீளத்தை எடுக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது. மூலைகளை 3-4-5 கணக்கில் சரிபாருங்கள்: ஒரு சுவரில் 3 அடி, அடுத்ததில் 4 அடி குறித்தால் குறுக்கே சரியாக 5 அடி வர வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ மூலை மூலைமட்டத்தில் இல்லை. அப்போது மூலையில் இடைவெளியை மூடும் 50 மி.மீ. ஃபில்லர் பட்டை விட்டு, சுவரின் வளைவுக்கேற்ப அதை அந்த இடத்திலேயே வைத்துச் சீவ வேண்டும். ஃபில்லர் இல்லாமல் கேபினெட்டைச் சுவரோடு முட்டவிட்டால் மூலை இழுப்பறை பக்கத்து ஷட்டரில் (கேபினெட் கதவில்) இடிக்கும். கைப்பிடி இல்லாத வடிவத்தில் ஷட்டர்களுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி ஒரே சீராக ஓடாவிட்டால் கோணல் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். கைப்பிடி வைத்த கிச்சனில் கண் கைப்பிடியைப் பார்க்கும். இதில் பார்ப்பதற்குக் கோடு மட்டும்தான் இருக்கிறது.

கேபினெட்டைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி நிறுத்துவது நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. அந்த இடைவெளியில் தண்ணீர்க் குழாயும் மின்குழாயும் சுவரைக் கொத்தாமல் ஓடும். காற்று போகும். கரையான் ஏறினால் டார்ச் அடித்துப் பார்க்கலாம். கவுன்ட்டர் கல்லை வழக்கமான 60 செ.மீ.க்குப் பதில் 65 செ.மீ. அகலத்தில் வாங்கினால் இடைவெளி மேலிருந்து மறைந்துவிடும். கேபினெட்டுக்கு அடியில் 100 மி.மீ. உயரத்துக்குத் திருகி ஏற்றி இறக்கும் கால்கள், முன்னால் கிளிப்பில் மாட்டிக் கழற்றும் பிவிசி அல்லது அலுமினிய ஸ்கர்ட்டிங் (கால்களை மறைக்கும் பட்டை). ப்ளைவுட் ஸ்கர்ட்டிங் வேண்டாம். தரையைத் தொடும் மரம் தண்ணீரையும் கரையானையும் மேலே ஏற்றிவிடும் ஏணி. பழைய அடுப்படித் தரை தண்ணீர் வடிவதற்காகச் சாய்வாக இருக்கும் என்பதால், தாழ்வான ஓரத்தில் கால் எவ்வளவு நீள வேண்டும் என்று முன்பே அளந்து, அந்த அளவுக்கு நீளும் கால்களைக் கேளுங்கள். சாய்வைச் சரிசெய்கிறேன் என்று ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்கச் சம்மதிக்காதீர்கள்.

பெட்டியின் உடல் எதில் செய்யப்படுகிறது என்பதில்தான் விலை மாறுகிறது, ஆயுளும் மாறுகிறது. விலைப்பட்டியலில் கீழே இருக்கும் பார்ட்டிக்கிள் போர்டு (மரத்துகளைப் பசையில் அழுத்திய பலகை) ஒரு தடவை தண்ணீர் குடித்தால் ஊதும், ஊதியது திரும்பச் சுருங்காது. எச்டிஎச்எம்ஆர், அதாவது ஈரம் தாங்கும்படி மரநாரை அழுத்திச் செய்தது, அதைவிட நெருக்கமான பலகை. ஷட்டருக்கு நல்லது, நேராக நிற்கும், இழைப்பும் சுத்தமாக வரும். அடிப்பெட்டிக்கு, குறிப்பாக சிங்க் பெட்டிக்கு, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலை முத்திரை உள்ள 18 மி.மீ. ப்ளைவுட்டே என் தேர்வு. அந்தத் தரநிலையில் ஒட்டுப்பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும், ஐ.எஸ். 303-இன் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) ரகத்துக்கு 8 மணி நேரம்தான். லேமினேட் ஒட்டிவிட்டால் முத்திரை மறைந்துவிடும். ஆகவே பலகை அறுக்கும் நாளில் போய்ப் பாருங்கள், அல்லது வெட்டித் தள்ளிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டில் பழைய சட்டியில் போட்டு ஒரு பகல் முழுக்கக் கொதிக்கவிடுங்கள். அடுக்கு பிரிந்தால் அது 710 இல்லை. இந்தச் சோதனைக்குத் துண்டு தர மறுக்கிற கடையில் முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று: தண்ணீரைத் தாங்குவது வேறு, கரையானைத் தாங்குவது வேறு. கரையான் மருந்தேற்றிய பலகையா என்பதைத் தனியாகக் கேட்டு ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

நம் ஊரில் வெகுகாலமாக இருக்கும் மாற்று, கடப்பா கல்லை நிறுத்திப் பிரித்து மேலே கிரானைட் போட்டு, முன்னால் ஷட்டர் மட்டும் மாட்டுவது. கரையானுக்கும் தண்ணீருக்கும் அதைவிட நல்ல விடை கிடையாது. குறை என்னவென்றால், கடப்பா கல் இரண்டும் இணையாக நிற்காது. மேலே 45 செ.மீ., கீழே 44 செ.மீ. என்று வந்தால் இழுப்பறை ஓடும் தண்டவாளமான சேனல் இறுகி நிற்கும். கல்லுக்குள் ப்ளைவுட் சட்டம் வைத்துத்தான் சேனல் மாட்ட வேண்டும், அதில் இடம் போகும். சிங்க் பகுதியை மட்டும் கடப்பா கல்லிலும், இழுப்பறைப் பகுதியைப் பெட்டியாகவும் செய்வது எனக்குப் பிடித்த கலவை. அந்த ஒரு பகுதியைக் கழற்றிக்கொண்டு போக முடியாது என்பதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

இனி கைப்பிடி இல்லாமல் திறக்கும் முறைகள். மூன்று இருக்கின்றன, மூன்றும் ஒரே தரமல்ல.

தட்டினால் திறப்பது பார்க்க அழகு, சமையலுக்கு ஒத்துவராதது. கவுன்ட்டரில் சாய்ந்து நின்று வேலை செய்யும்போது இடுப்பு பட்டாலே இழுப்பறை வெளியே வரும். மாவுக் கையோடு தட்டிய இடத்தில் ஷட்டர் முழுக்கத் தடம் விழும். சாதாரணத் தட்டு-திறப்பு அமைப்பில் மெதுவாக மூடும் வசதியும் சேர்ந்து வராது; இரண்டும் சேர்ந்த அமைப்பு புளும் போன்ற நிறுவனங்களிடம் உண்டு, விலை கூடும். சாமான் அலமாரியின் உயர ஷட்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஷட்டரின் மேல் விளிம்பையே உள்ளே குடைந்து விரல் பிடிக்க வழி செய்வது இரண்டாவது முறை. விலை குறைவு. ஆனால் குடைந்த இடத்தில் லேமினேட் ஓடாது, பெயின்ட்தான் ஓடும். எண்ணெய்க் கை நாள்தோறும் படும் இடம் அதுவே என்பதால் முதலில் உரிவதும் அங்கேதான்.

கோலா ப்ரொஃபைல் எனப்படும் அலுமினியக் காடியை கேபினெட்டின் முகத்தில் ஓடவிடுவதுதான் மூன்றிலும் சிறந்தது. கவுன்ட்டருக்குக் கீழே எல் வடிவக் காடி, இரண்டு இழுப்பறைகளுக்கு நடுவே சி வடிவக் காடி. விரல் நுழைய இடம் வேண்டும் என்பதால் மேல் இழுப்பறை உயரத்தில் சுமார் 6 செ.மீ. போய்விடும். உயரமான டப்பாக்களை அந்த இழுப்பறையில் வைக்கத் திட்டமிடாதீர்கள். கரண்டி, கத்தி, அஞ்சறைப்பெட்டிக்கு அது போதும். காடி உட்கார கேபினெட்டின் பக்கப் பலகைகளில் வெட்டு விழும். பெரும்பாலான கோளாறு தொடங்குவது இந்த வெட்டில்தான். வெட்டிய பலகை முகம் பச்சையாக, எட்ஜ் பேண்ட் (விளிம்புப் பட்டை) இல்லாமல் இருக்கும். கவுன்ட்டரில் கொட்டிய தண்ணீர் கல்லின் முன் விளிம்பைத் தொட்டு, அடிப்பக்கமாக ஊர்ந்து, நேராக அங்கே போய் இறங்கும். சில மழைக்காலங்களில் பலகையின் மேல்முனை உப்பி, காடி கோணி, இழுப்பறை மூடாமல் நிற்கும். இதற்கு இரண்டு வேலைகள். வெட்டுமுகங்களில் நீர் புகாமல் அடைக்கும் பியு (பாலியூரித்தேன்) சீலன்ட் தடவ வேண்டும், அதுவும் காடியை மாட்டுவதற்கு முன். கல்லின் அடிப்பக்கம் முன் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே, 3 மி.மீ. ஆழத்துக்கு நீளவாக்கில் ஒரு கோடு கீற வேண்டும். ஜன்னல் சன்ஷேடின் அடியில் கொத்தனார் விடும் அதே நீர்வடிக் காடிதான். ஊர்ந்துவரும் நீர் அந்தக் கோட்டைத் தாண்டாமல் சொட்டிவிடும். கல் அறுப்பவருக்கு இது சில நிமிட வேலை, சொல்லாவிட்டால் செய்யமாட்டார்.

காடிக்குள் மாவும் தூசியும் சேரத்தான் செய்யும். வாரம் ஒருமுறை ஈரத்துணியை விரலில் சுற்றி ஓட்டினால் போதும். கறுப்பு நிறக் காடியில் மாவு பளிச்சென்று தெரியும். அலுமினிய நிறத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

ஷட்டரின் மேல்பூச்சில் அக்ரிலிக்கைத் தவிர்க்கலாம். கண்ணாடி போல மின்னும், ஆனால் தேய்த்த கோடுகள் முற்றத்து வெளிச்சத்தில் அத்தனையும் தெரியும். மேட் லேமினேட், விரல்தடம் படியாத ரகம், இந்த வேலைக்குப் பொருத்தம். முன்பக்கம் 1 மி.மீ. ஒட்டினால் பின்பக்கமும் ஏறக்குறைய அதே தடிமனில் ஒட்ட வேண்டும். இல்லையேல் உயர ஷட்டர் வில் போல வளையும். 210 செ.மீ. உயரத்துக்கு ஒரே ஷட்டர் போடுவதானால் உள்ளே நிமிர்த்தும் கம்பி வைக்கச் சொல்லுங்கள், நான்கு கீல்களும் வேண்டும். விளிம்புப் பட்டை ஒட்டும் பசையில் இ.வி.ஏ., பி.யு.ஆர். என இரண்டு உண்டு. கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், அடுப்புக்கும் ஓவனுக்கும் பக்கத்தில், சாதாரண இ.வி.ஏ. இளகிப் பட்டை வாய் பிளக்கும். அடுப்பை ஒட்டிய பெட்டிகளுக்காவது பி.யு.ஆர். கேளுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, தரையில் ஆத்தங்குடிக் கல் ஏற்கெனவே நிறையப் பேசுகிறது. ஷட்டர் ஒரே நிறத்தில், அந்தக் கல்லின் பூவேலையில் இருக்கும் மங்கலான நிறம் ஒன்றில் இருந்தால் போதும். தூய வெள்ளை, மஞ்சளும் மிளகாய் வற்றலும் அரைபடும் வீட்டுக்கு ஆகாது.

கவுன்ட்டருக்கு கிரானைட்தான், அதுவும் பளபளப்பில்லாத லெதர் அல்லது ஹோன்டு முகம். குவார்ட்ஸ் கல்லில் கல்பொடியைப் பிடித்து வைத்திருப்பது பிசின். வறுத்த சட்டியை இறக்கி நேராக வைத்தால் அந்தப் பிசின் கருகும், அந்தக் கறையை எடுக்க வழியே இல்லை. நானோ ஒயிட் என்னும் செயற்கை வெள்ளைக் கல்லில் இணைப்புகள் மஞ்சளாகும், ஓரம் எளிதில் சில்லு போகும். ஆத்தங்குடிக் கல்லைக் கவுன்ட்டரிலும் அடுப்புக்குப் பின்சுவரிலும் பதிக்கும் மோகம் ஒன்று இப்போது பரவுகிறது. அது சுட்ட ஓடல்ல, கண்ணாடிமேல் வார்த்து நீரில் ஊறவைத்த சிமெண்ட் கல். புளியும் எலுமிச்சையும் பட்டால் அரிக்கும், எண்ணெயைக் குடிக்கும். அதன் இடம் தரை. அங்கேயும் ஆசிட் கலந்த கிளீனர் படக்கூடாது.

20 மி.மீ. கிரானைட் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ. 10 அடி நீளம், 65 செ.மீ. அகலம் என்றால் 100 கிலோவுக்கு மேல். கால்கள் அதைத் தாங்கும், ஆனால் கல் ஏறிய பிறகு பெட்டி ஒன்றிரண்டு மி.மீ. அமரும். அதனால் ஷட்டர்களின் கடைசி நேர்ப்படுத்தல் கல் ஏற்றி, சிங்கும் மாட்டிய பிறகே நடக்க வேண்டும். அடுப்புக்குப் பின்னால் காரைச் சுவர் எண்ணெய் குடிக்காமலிருக்க, கவுன்ட்டரில் நிற்கும்படி 2 அடி உயர 304 ரக ஸ்டீல் தகடு ஒன்று போதும்; சுவரில் ஒட்டத் தேவையில்லை. காரைமேல் சிமெண்ட் பூசுவதும் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பதும் சுவர் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். கொஞ்ச காலத்தில் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழும்.

உயரம், நிற்பவரின் முழங்கையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே. 5 அடி உயரமுள்ள ஆச்சிக்கு 80 செ.மீ. சரி; ஷோரூமின் 85, 86 செ.மீ. தோளை வலிக்கவைக்கும். கல்லில் பதிக்கும் ஹாப் இல்லாமல் மேலே வைக்கும் ஸ்டவ் என்றால் பர்னர் இன்னும் 10 செ.மீ. ஏறும், அந்தப் பகுதியை மட்டும் தாழ்த்தலாம். நடுவில் தீவு மேடை போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அரிவாள்மனை போட்டு உட்கார, பலகாரத்துக்கு மாவு பிசைய, நான்கு பேர் சேர்ந்து முறுக்குச் சுற்ற நம் அடுப்படிக்கு வெறுந்தரைதான் தேவை.

எரிவாயு சிலிண்டரை அழகுக்காகப் பெட்டிக்குள் அடைக்கும்போது கவனம் வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் கீழே தேங்கும். பெட்டிக்கு அடிப்பலகை வைக்காமல், ஷட்டரின் கீழ் ஓரத்திலும் ஸ்கர்ட்டிங்கிலும் காற்றுத்துளை விட வேண்டும். 14.2 கிலோ சிலிண்டருக்கு ரெகுலேட்டரோடு சேர்த்து 70 செ.மீ.க்கு மேல் உள் உயரம் தேவை, அதனால் அது தரையிலேயே நிற்க வேண்டும். சுரக்ஷா எரிவாயுக் குழாய் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும், 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பின்கட்டில் இடம் இருந்தால் சிலிண்டரை வெளியே வைத்துச் செம்புக்குழாயில் கொண்டுவருவதே பாதுகாப்பு.

சிம்னி பற்றிச் சுருக்கமாக. அதன் உறிஞ்சும் திறனுக்கு அறையின் கன அளவைப் பெருக்கிக் கணக்குச் சொல்வார்கள். 12 அடி கூரையுள்ள அறையில் அது பெரிய எண்ணாக வரும், விலையும் ஏறும். அதைவிட முக்கியம், ஹாப்புக்கும் சிம்னிக்கும் 65 முதல் 75 செ.மீ., ஹாப்பைவிடக் குறையாத அகலம், 6 அங்குலக் குழாய், ஒரு வளைவுக்கு மேல் இல்லாமை. ஃபில்ட்டர் இல்லாத ரகத்தைவிடக் கழற்றிக் கழுவும் பாஃபிள் ஃபில்ட்டர், தாளிப்பும் வறுவலும் அதிகமுள்ள வீட்டுக்கு நல்லது. தடித்த சுவரில் துளை போட மனமில்லையென்றால் ஜன்னலின் மேல்கண்ணாடி ஒன்றை எடுத்து அதன் வழியே குழாயை விடுங்கள். பெரிய அண்டாவும் பலகாரச் சட்டியும் கண்ணாடி ஹாப்பில் ஏற வேண்டாம்; விசேஷச் சமையல் பின்கட்டு அடுப்பிலேயே நடக்கட்டும்.

இழுப்பறைச் சேனலில் கஞ்சம் கூடாது. 90 செ.மீ. அகல அடி இழுப்பறையில் எவர்சில்வர் பாத்திரம் நிறைத்தால் 30 கிலோ சேனல் திணறும். 65 அல்லது 70 கிலோ தாங்குவதை அங்கே போடுங்கள். மேலே உள்ளவற்றுக்கு 30 போதும். மிக்ஸிக்கும் டேபிள்டாப் கிரைண்டருக்கும் கவுன்ட்டர் மட்டத்திலேயே 45 செ.மீ. ஆழத்தில் கதவு வைத்த மறைவிடம், உள்ளே இரண்டு பிளக். கிரைண்டரைக் கீழ் அலமாரியிலிருந்து தினமும் தூக்க யாராலும் முடியாது. முடியாதபோது அது கவுன்ட்டரிலேயே தங்கிவிடும், மினிமல் தோற்றமும் அதோடு போய்விடும்.

விசேஷத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) மட்டும் திறக்கும் வீடாக இருந்தால் பூட்டிப் போகும்போது சில வேலைகள். சிங்க் டிராப்பில் (சிங்குக்கு அடியில் தண்ணீர் தேங்கும் வளைகுழாயில்) தண்ணீர் வற்றிவிட்டால் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வரும். கடைசியாக ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிவிட்டால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. ஷட்டர்களை ஒரு விரல்கடை திறந்து வையுங்கள், ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிவிட்டுப் போங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் ஒருமுறை கேபினெட் அடியில் பெருக்கினால் கரையான் மண் கோடு தொடக்கத்திலேயே கண்ணில் படும். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் காரைக்குடி சுமார் 90 கி.மீ.; ஒரு கீலுக்காக சர்வீஸ் ஆள் வரக் காத்திருக்க வேண்டியிருக்கும். மாட்டும்போதே கூடுதலாக நான்கு கீல், நான்கு கால், ஒரு ஜோடி சேனல், மீந்த லேமினேட் துண்டுகள் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொண்டால் உள்ளூர் ஆசாரியே சரிசெய்துவிடுவார்.

விலைமதிப்பீட்டுத் தாள்களை ஒப்பிடும்போது சதுர அடிக் கணக்கு எதன்மேல் என்று பாருங்கள். ஒரு கடை ஷட்டர் முகத்தின் பரப்பைச் சொல்லும்: 10 அடி நீளம், இரண்டே முக்கால் அடி உயரம் என்றால் 27.5 சதுர அடி. இன்னொரு கடை உள்ளே போகும் பலகை முழுவதையும் கூட்டும், அப்போது எண் பன்மடங்காகும், சதுர அடி விலை மட்டும் குறைவாகத் தெரியும். கோலா காடி, சேனல், ஃபில்லர், ஸ்கர்ட்டிங், வண்டி வாடகை, ஜி.எஸ்.டி. உள்ளே சேர்ந்ததா தனியா என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். வாரண்டித் தாளில் தண்ணீர்ச் சேதம் விலக்கப்பட்டிருந்தால், 710 பலகைக்கு ஏன் அந்த விலக்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சுவர் வேலையும் குழாய் வேலையும் முடிந்து, பூச்சு உலர்ந்த பிறகே பெட்டிகள் வீட்டுக்குள் வரட்டும். கடைசித் தவணையைக் கல் ஏறி, சிங்கில் இரண்டு வாரம் தண்ணீர் ஓடி, ஷட்டர் இடைவெளிகளை மறுபடி நேர்ப்படுத்திய பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.